ஒரே அடி, இரண்டு கணக்கு

அந்தத் திங்கட்கிழமை காலை எண்ணக்கா அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவளுடைய மேசை மேல் யாரோ செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு சிவப்புத் தூண். அதன் பக்கத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பச்சைத் தூண். சிவப்பு நம் நாடு, பச்சை பக்கத்து நாடு. ‘வன்முறையில் எட்டு மடங்கு!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

எண்ணக்கா குற்றப் புள்ளிவிவரப் பிரிவின் தலைமை அதிகாரி. நாட்டின் காவல் நிலையங்களில் பதிவாகும் ஒவ்வொரு அடிதடியும் ஒவ்வொரு வழிப்பறியும் பதினெட்டு வருடமாக அவள் மேசையில்தான் கடைசியில் ஓர் எண்ணாக வந்து விழுகிறது. சேர்ந்த புதிதில் “எண்ணைச் சரிபார்த்தாச்சா?” என்று நாளைக்கு நாற்பது தடவை கேட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பதவி உயர்ந்தும் பெயர் மாறவில்லை.

செய்தியை நின்றபடியே படித்தாள். லட்சம் பேருக்கு நம் நாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வன்முறைக் குற்றங்கள். அவர்கள் நாட்டில் இருபத்தேழு. இரண்டுமே சரியான எண்கள்தான். நம் எண்ணை அவளே கையெழுத்துப் போட்டு வெளியிட்டிருந்தாள். யாரோ இரண்டு நாட்டு ஆண்டறிக்கைகளையும் எடுத்து, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பதினோரு மணிக்கு உள்துறைச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. காலையிலேயே அமைச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் பழைய அறிக்கைகளைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் பதினான்கு காவல் நிலையங்களில் பெண்களுக்கான உதவி மேசை திறந்தார்கள். அந்த வருடத்திலிருந்துதான் எண் ஏற ஆரம்பித்திருக்கிறது. மேசைகளை மூடினால் எண் இறங்குமா என்று நேரடியாகக் கேட்டார்.

“இறங்கும் சார்” என்று எண்ணக்கா உண்மையைச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைதான் அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் ஏறவில்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் பத்திரிகைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் வர வேண்டும். வராவிட்டால் உதவி மேசைகள் பொதுப் பிரிவோடு ‘இணைக்கப்படும்’. இணைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே பேச்சு. அவளுடைய தங்கை கல்யாணமாகிப் பக்கத்து நாட்டில் இருக்கிறாள். தங்கை வீட்டுக்காரர் அந்தச் சிவப்புத் தூணைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, இப்பவாவது இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு வருடமாக அழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வசமான சாட்சி கிடைத்துவிட்டது.

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, “உன் கணக்குப்படி பார்த்தா நாம இன்னும் உயிரோட இருக்கறதே அதிசயம்டி” என்றாள். எண்ணக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் அவள் நகரத்தின் தென்கோடியில் இருந்த காவல் நிலையத்துக்குப் போனாள். பதினான்கு மேசைகளில் அதிகப் புகார்கள் எழுதியது அந்த நிலையத்து மேசைதான். பழைய சாமான் அறையைக் காலி செய்து மேசை போட்டிருந்தார்கள். மூன்று நாற்காலி, ஜன்னலுக்கு ஒரு திரை, சுவரோரம் தண்ணீர்க் குடுவை. பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் ஏட்டம்மா என்றார்கள். பெருத்த உடம்பு, சின்னக் கையெழுத்து.

எதிரே மருந்துக்கடைச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கைக்கு அடக்கமான ஒரு நாட்காட்டி வைத்திருந்தாள். கணவன் அடித்த நாட்களிலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். மொத்தம் இருபத்துமூன்று கோடுகள். ஏட்டம்மா அவசரப்படாமல் ஒவ்வொரு கோடாகக் கேட்டார். அன்று என்ன நடந்தது, எங்கே பட்டது, யார் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. எண்ணக்கா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நம் விதிப்படி ஒவ்வொரு சம்பவமும், அடிபட்ட ஒவ்வொருவருக்கும், ஒரு தனிக் குற்றம். அடுத்த மாதம் தன் மேசைக்கு வரும் அட்டவணையில் இந்த ஒரு பெண் இருபத்துமூன்றாக வருவாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இருபத்துமூன்றும் எழுதப்படுவதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அந்தப் பெண் போன பிறகு ஏட்டம்மா கையை உதறிக்கொண்டார். மேசையை மூடப்போகும் சேதி அவர் காதுக்கும் வந்திருந்தது.

“மூணு வருஷமா எங்க ஸ்டேஷன்தான் முதல் இடம்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க மேடம். நான் எழுதறதை நிறுத்திட்டா அந்தப் பொண்ணு அடி வாங்கறது நின்னுடுமா?”

எண்ணக்கா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மாதம் முதல் தேதியிலிருந்து வந்த முதல் நூறு புகார்களின் நகலைக் கேட்டாள். பெயர், விலாசம் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அழித்துக் கொடுத்தார்கள். நூறு புகார்கள் வர எட்டு நாள் பிடித்திருந்தது.

பக்கத்து நாட்டில் இதே வேலையில் இருப்பவரை அவள் ஒரே ஒரு முறை ஒரு மாநாட்டில் பார்த்திருக்கிறாள். எதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர் என்பதால் அவருடைய அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். அவருக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் பக்கத்திலும் அதே மாதம், இதே அளவு ஊரில், முதல் நூறு புகார்களை எடுத்து வையுங்கள். இருநூறு காகிதங்களையும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். நீங்கள் உங்கள் விதிப்படி எண்ணுங்கள், நான் எங்கள் விதிப்படி எண்ணுகிறேன். என்ன வருகிறது என்று பார்ப்போம்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. இரண்டே வரி. வாருங்கள். எங்கள் காகிதங்கள் எதையும் வெளியே எடுத்துப் போக முடியாது.

ஏழு மணி நேர ரயில் பயணம். தங்கை வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு மறுநாள் காலை நேராக அந்த அலுவலகத்துக்குப் போனாள். நான்காவது மாடி. லிஃப்ட் நான்காவதில் நிற்காது. ஐந்துக்குப் போய் ஒரு மாடி இறங்க வேண்டும். நிதானம் படியிலேயே காத்திருந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருப்பவர். சட்டைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். ஒரு நீள மேசையின் இரண்டு முனைகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுதுவது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை.

முதல் காகிதமே மருந்துக்கடைப் பெண்ணுடையது. இருவரும் எழுதி முடித்துத் தாளைத் திருப்பினார்கள். எண்ணக்கா இருபத்துமூன்று என்று எழுதியிருந்தாள். அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

“நீங்க இன்னும் படிக்கலையா சார்?”

“ரெண்டு தடவை படிச்சேன் மேடம். எங்க விதிப்படி புருஷன் பொண்டாட்டி ஒரே வீட்டுல இருந்தா அது குடும்பத் தகராறு. அதுக்குத் தனி ஏடு. குற்றக் கணக்குல வராது.”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

அடுத்தது ஒரு தெருச்சண்டை. அடிபட்டவர்கள் இரண்டு பேர் என்பதால் அவள் இரண்டு என்று எழுதினாள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் எண்ண வேண்டும் என்பது அவர்கள் விதி. இது இன்னும் போகவில்லை. அதனால் மறுபடியும் பூஜ்யம். எல்லாமே ஒரு பக்கம் சாயவில்லை. போனில் மிரட்டினால் அவர்கள் அதை வன்முறையாக எண்ணுகிறார்கள், நாம் எண்ணுவதில்லை. அங்கே அவர் எண் பெரிதாக இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிப் பார்த்தபோது அவளிடம் அறுபத்தொன்று, அவரிடம் ஏழு.

நாம் இரண்டு பேரும் ஒரே காகிதத்தைத்தான் படிக்கிறோமா என்று அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். எண்ணக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வருடக்கணக்காகியிருக்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் பக்கத்து நூறு புகார்களைச் சேர்க்க மூன்று ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. குற்ற ஏடு, குடும்பத் தகராறு ஏடு, தொலைந்த பொருள் ஏடு. மூன்றாவது ஏட்டை எண்ணக்காதான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் படித்தவளுக்கு ஏதோ உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் தங்கையும் மொட்டை மாடியில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் எண்ணக்கா அந்த ஏட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரே பேருந்து நிறுத்தத்தில் ஒரே வாரத்தில் நான்கு கைப்பைகள் ‘தொலைந்திருக்கின்றன’. நான்கிலும் வார் அறுந்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள். வார் அறுகிற மாதிரி ஒரு பையை யாராவது தொலைப்பார்களா?

தங்கை போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னோடதும் அப்படித்தான் அக்கா.”

எட்டு மாதத்துக்கு முன் அவள் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது எண்ணக்காவுக்கு ஞாபகம் இருந்தது. மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உண்மையில் வேலை முடிந்து திரும்பும்போது அதே பேருந்து நிறுத்தத்தில் பின்னாலிருந்து ஒருவன் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வார் தோளிலிருந்து வரவில்லை. இவள் சாலையில் விழுந்து பத்தடி இழுபட்டிருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு அவளும் அவள் கணவரும் காவல் நிலையம் போனார்கள்.

“அந்த போலீஸ்காரர் நல்லாத்தான் பேசினார். தண்ணிகூடக் குடுத்தார். அவன் முகத்தைப் பார்த்தீங்களான்னு கேட்டார், பார்க்கலைன்னேன். அப்போ தொலைஞ்சதுன்னு எழுதிக்கலாமா, சீக்கிரம் முடிஞ்சிடும்னார். நானும் தலையை ஆட்டிட்டேன்.”

“எங்கிட்ட ஏன்டி மறைச்சே?”

தங்கை போர்வையை மடித்துக் கூடையில் வைத்தாள். “இங்க பயமே இல்லை, வந்துடுங்கன்னு உங்களைக் கூப்பிட்டுட்டே இருந்தது நாங்கதானே. அப்புறம் எந்த முகத்தோட சொல்றது?”

எண்ணக்கா அவள் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். எலும்பு கூடியிருந்தது. குளிர்நாளில் மட்டும் வலிக்கிறது என்றாள் தங்கை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ லட்சம் எண்களைக் கூட்டியவளுக்கு, எந்த நாட்டுக் கூட்டலிலும் சேராமல் போன ஒன்று இப்போது கையில் இருந்தது. இருவரும் மீதித் துணிகளை மடித்தார்கள்.

திங்கட்கிழமை அவள் நிதானத்திடம் இதைச் சொன்னாள். குத்திக்காட்டுகிற தொனி வந்துவிடக் கூடாது என்று வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். அவர் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு அந்தப் பகுதியின் பழைய ஏட்டை வரவழைத்தார். தானே பக்கம் பக்கமாகத் தேடினார். கறுப்புக் கைப்பை, வார் அறுந்தது, தொலைந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார். பதினொரு வருடங்களுக்கு முன் இதைப் பற்றி அவரே ஒரு குறிப்பு எழுதினாராம். மேலதிகாரி படித்துவிட்டுப் பத்திரமாகக் கோப்பில் வை என்றாராம். இவரும் வைத்தார். எவ்வளவு பத்திரமாக வைத்தார் என்றால், பிறகு தேடியபோது அவருக்கே கிடைக்கவில்லை.

புதன்கிழமை இருநூறு காகிதங்களும் முடிந்தன. எண்ணக்கா கொண்டுபோன நூறு புகார்கள் அவள் விதிப்படி இருநூற்று நாற்பது, அவர் விதிப்படி முப்பது. அவர்கள் நாட்டு நூறு புகார்கள் அவர் விதிப்படி முப்பத்திரண்டு, அவள் விதிப்படி இருநூற்று முப்பத்தொன்று. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்கள். எட்டு மடங்கு என்று செய்தித்தாளில் வந்த அந்தத் தூண் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டு விதிப் புத்தகங்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம்தான்.

நிதானம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “எங்க கணக்கை உங்க மாதிரி மாத்தினா அடுத்த வருஷம் சிவப்புத் தூண் நாங்கதான் மேடம். யாரும் விதியைப் பத்திப் படிக்க மாட்டாங்க. தூணைத்தான் பார்ப்பாங்க.”

“மாத்தவே வேண்டாம் சார். நீங்க உங்க விதிப்படியே எண்ணுங்க, நாங்க எங்க விதிப்படி எண்ணறோம். ரெண்டு அறிக்கையிலயும் இந்த இருநூறு காகிதத்தோட கணக்கை ரெண்டு பத்தியாப் போடுவோம். கீழ நம்ம ரெண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான்.”

யோசிக்க ஒரு நாள் கேட்டார். எண்ணக்காவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் போனாள். அவர் வரைவை நீட்டினார். கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, அவள் கேட்காத ஒரு வரியையும் அவரே கையால் எழுதிச் சேர்த்திருந்தார். ‘எங்கள் நாட்டு எண் சிறியதாக இருப்பதற்கு எங்கள் எண்ணும் முறையே பெருங்காரணம். இதை வைத்து எந்த நாட்டையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.’

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தங்கை எந்தப் படிவத்தை வாங்கி எந்தப் பிரிவில் புகாரைத் திருத்தி எழுதச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, அப்படியானால் நாம் மோசம் இல்லையே என்று கேட்டார்.

“அவங்களைவிட மோசம்னு சொல்ல ஆதாரம் இல்லை சார். அவங்களைவிட நல்லவங்கன்னு சொல்லவும் ஆதாரம் இல்லை.”

அவருக்கு எரிச்சல் வந்தது. எப்போதுதான் தெரியும் என்றார். போலீஸுக்கு வருவதை மட்டும் எண்ணினால் என்றைக்குமே தெரியாது என்றாள் எண்ணக்கா. இரண்டு நாட்டிலும் வீடு வீடாகப் போய், ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஆகும். மேசைகளைப் பற்றியும் மென்று விழுங்காமல் இந்த முறை முழுதாகச் சொன்னாள். மூடினால் எண் இறங்கும், அடி இறங்காது. அடிபட்டவர்கள் சொல்ல இடம் இல்லாமல் போவதைத்தான் நாம் முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டிருப்போம்.

செயலாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது கையெழுத்து அந்த நாட்டு அதிகாரியுடையதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்கு மேலிருந்த வரியை மூன்று முறை படித்தார். அமைச்சரிடம் வாசித்துக் காட்ட அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது. மேசைகள் இருக்கட்டும் என்றார். அவர் எதற்காக மனசு மாறினார் என்பதைப் பற்றி எண்ணக்கா கவலைப்படவில்லை. வெளியே வந்ததும் ஏட்டம்மாவுக்குப் போன் செய்தாள். மேசையை மூடவில்லை என்று சொன்னாள். “அப்போ இன்னொரு ஆள் வேணும் மேடம், என் கை ஒடியுது” என்று குரல் வந்தது.

செய்தித்தாள் ஏழாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளக்கம் போட்டது. தங்கையின் புகார் ஆறு வாரம் இழுத்தடித்து வழிப்பறி என்று திருத்தப்பட்டது. அன்றைக்கு அவள் போனில், “எங்க நாட்டுப் பேரை ஒரு எண் கெடுத்துட்டேன் அக்கா” என்று சிரித்தாள். அதே பேருந்து நிறுத்தத்தில் பை பறிகொடுத்த அந்த நான்கு பெண்களும் அவளைப் பார்த்து மனு கொடுத்தார்கள். ஐந்து புகார்களும் ஒன்றாகச் சேர்ந்ததும் அந்த நிறுத்தத்துக்கு விளக்கு வந்தது, ஒரு காவலரும் வந்தார்.

வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புக்கு இரண்டு அரசும் ஒரு வழியாக ஒப்புக்கொண்டன. கேள்விகளை எழுதத்தான் மண்டை காய்ந்தது. ‘நீங்கள் குற்றத்துக்கு ஆளானீர்களா’ என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள் என்று ஏட்டம்மா அடித்துச் சொன்னார். வீட்டுக்குள் வாங்குகிற அடியை யாரும் குற்றம் என்று நினைப்பதில்லை. நிதானம் ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த வேலைக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார். ஒரு கேள்விக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். கடைசியில் அது எளிதாக வந்து நின்றது. ‘கடந்த பன்னிரண்டு மாதத்தில் யாராவது, வீட்டில் இருப்பவர்கள் உட்பட, உங்களை அடித்தார்களா, தள்ளினார்களா, இழுத்தார்களா?’

முதல் நாள் எண்ணக்காவும் களப் பணியாளர் ஒருத்தியோடு கூடவே போனாள். ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் மணியடித்தார்கள். ஈரக் கையைத் துடைத்தபடி ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். கேள்வியைக் கேட்டதும், எங்கள் வீட்டில் அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். பணியாளர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கத் திரும்பினார்கள்.

“அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படிங்க” என்றாள் அந்தப் பெண்.

பணியாளர் எண்ணக்காவைப் பார்த்தாள். எண்ணக்கா தலையசைத்தாள். பணியாளர் முதல் வார்த்தையிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள். ‘இழுத்தார்களா’ என்று முடிப்பதற்குள் அந்தப் பெண் கதவை முழுசாகத் திறந்து, இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.